10 வருஷம் உழைக்கிற நாஸ் எது?

சென்னை வேளச்சேரியில் தரைத்தள வீடு. இரண்டு லேப்டாப், நான்கு போன், சுமார் 1.8 டிபி (டெராபைட்) போட்டோவும் வீடியோவும். அத்தனையும் ஒரே ஒரு 2 டிபி யூஎஸ்பி டிஸ்க்கில். கடையில் நாஸுக்கு, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் டிஸ்க் பெட்டிக்கு, ஒரு டிஸ்க் பெட்டி, இரண்டு டிஸ்க் பெட்டி, நான்கு டிஸ்க் பெட்டி என்று மூன்று விலை சொல்லியிருக்கிறார்கள். இதில் எந்தக் கம்பெனி நாஸ் 10 வருஷம் உழைக்கும், இல்லையென்றால் சும்மா கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பையே நாஸாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 10 வருஷம் கழித்தும் இந்தப் படங்கள் கையில் இருக்க இன்றைக்கு என்ன வாங்கி வைக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்தப் 10 வருஷத்துக்குள் பெட்டி ஒரு முறையாவது மாறும், டிஸ்க்குகளும் மாறும். மாறும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட்டால் கம்பெனி பெயர் பாதிக் கவலையாகச் சுருங்கிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு டிஸ்க் போடும் பெட்டி ஒன்று. அதற்குள் நாஸுக்கென்றே செய்த 4 டிபி டிஸ்க் இரண்டு, ஒன்றின் நகலாக மற்றொன்று. வெளியே தனியாக 4 டிபி யூஎஸ்பி டிஸ்க் இரண்டு. யூஎஸ்பி போர்ட் உள்ள ஒரு சின்ன யூபிஎஸ். நான்கு டிஸ்க் பெட்டிக்குக் கடைக்காரர் சொன்ன கூடுதல் தொகையை அந்த யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் திருப்பிவிடுங்கள். உங்கள் அளவுக்கு நான்கு டிஸ்க் தேவையில்லை. ஒரு டிஸ்க் பெட்டியை எந்தத் தள்ளுபடிக்கும் வாங்காதீர்கள்; இப்போது உள்ள யூஎஸ்பி டிஸ்க்கின் ஆபத்தோடு ஒரு நெட்வொர்க் கேபிளும் சேரும், அவ்வளவுதான்.

இரண்டு டிஸ்க்கும் ஒன்றின் நகலாக ஓடுவதை ரெய்டு 1 என்பார்கள். அது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. பேக்கப்பின் வேலையை அது செய்யாது. குழந்தை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தால் அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் ரான்சம்வேர் வந்தால் இரண்டும் பூட்டப்படும். இடி விழுந்தாலும் திருடு போனாலும் தண்ணீர் புகுந்தாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தில் வேளச்சேரித் தரைத்தளங்கள் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நாஸை ஒரு பிரதியாக மட்டும் கணக்கில் வையுங்கள். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. இன்றுவரை அதைவிட நல்ல கணக்கு வரவில்லை. தரைத்தளத்தில் இருப்பதால் பெட்டியை இடுப்புக்கு மேல் உயரமுள்ள ஷெல்ஃபில் வையுங்கள். மூடிய பரண் வேண்டாம், காற்று போகாது.

இனி பெட்டி. நம்பகத்தன்மை என்றதும் தகடும் மின்விசிறியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. வீட்டு நாஸ்களில் மொத்தமாகத் தரவு போன பெரிய சம்பவங்கள் பெரும்பாலும் மென்பொருளால் வந்தவை. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை யாரோ இணையம் வழியாக ஃபேக்டரி ரீசெட் செய்தார்கள். உலகம் முழுக்கப் பலர் காலையில் எழுந்து பார்த்தபோது ஃபோல்டர்கள் காலி. அந்த மாடலுக்குக் கம்பெனி 2015இலேயே அப்டேட்டை நிறுத்தியிருந்தது. டிஸ்க்கும் போர்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனிப் பெட்டிகளைப் பூட்டி 0.03 பிட்காயின் கேட்டது. அடுத்த மாதமே அசஸ்டர் என்ற கம்பெனியின் பெட்டிகளுக்கும் வந்தது. நாஸ் செய்யும் இன்னொரு கம்பெனியான சினாலஜி தப்பியது என்று சொல்லிவிட முடியாது. 2014இல் சினோலாக்கர் என்று ஒன்று அப்டேட் செய்யாத சினாலஜி பெட்டிகளைப் பிடித்தது. 2024இல் டி-லிங்க்கின் பழைய நாஸ் மாடல்களில் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது, அப்டேட் வராது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

இவற்றிலிருந்து வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த மாடல் எந்த வருஷத்தில் வந்தது. அப்டேட் காலம் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை. ஐந்து வருஷப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த ஐந்து வருஷத்தைச் சேர்த்தே விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். சினாலஜியில் இது பெயரிலேயே இருக்கும்: டிஎஸ்224 ப்ளஸ் என்றால் முதல் 2 அதிகபட்ச டிஸ்க் எண்ணிக்கை, கடைசி 24 மாடல் வருஷம். டிஎஸ்218 என்று எழுதிய பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மற்றக் கம்பெனிகளில் மாடல் பெயரை அவர்கள் தளத்தில் தேடி, ஆதரவு முடியும் நாள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பெட்டியை இணையத்துக்குத் திறக்காமல் இருப்பது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை நாஸுக்கு அனுப்பும் அமைப்பு) எதுவும் போடாதீர்கள். யூபிஎன்பி என்ற வசதியை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அது இருந்தால் நாஸே உங்களைக் கேட்காமல் கதவைத் திறந்துகொள்ளக்கூடும். வெளியூரிலிருந்து படம் பார்க்க வேண்டுமென்றால் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன், அதாவது உங்கள் சாதனங்களுக்கு மட்டும் திறக்கும் தனிப் பாதை, போதும். சினாலஜி, க்யூநாப் இரண்டுக்கும் அதன் ஆப் இருக்கிறது. இங்கே பல ஃபைபர் இணைப்புகளில் தனி ஐபி முகவரி கிடைக்காமல் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று கொடுப்பார்கள். டெயில்ஸ்கேல் அதற்குப் பின்னாலிருந்தும் வேலை செய்யும்.

கம்பெனி என்று வற்புறுத்திக் கேட்டால், நோண்டுவதில் ஆர்வமில்லாத வீட்டுக்கு சினாலஜி என்பேன். பேக்கப் மென்பொருள் கூடவே வருகிறது, அமைப்பதும் எளிது. அதே காசுக்கு க்யூநாப்பில் வேகமான நெட்வொர்க் போர்ட்டும் கூடுதல் ராமும் கிடைக்கும். மேலே சொன்னபடி மூடி வைத்திருக்கத் தெரிந்தவருக்கு அதுவும் நல்ல பெட்டிதான். சினாலஜியில் ஒரு எச்சரிக்கை. 2025இல் வந்த ப்ளஸ் மாடல்களில் தன் பட்டியலில் உள்ள டிஸ்க்குகளைத்தான் போட வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் கொந்தளித்த பிறகு அதே வருஷம் அக்டோபரில், தன் நாஸ் மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்போடு, அதைத் தளர்த்தியது. ஒரு முறை செய்த கம்பெனி மறுபடியும் செய்யலாம். வாங்கும் முன்பு உங்கள் மாடலுக்கு உங்கள் டிஸ்க் பொருந்தும் என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பெட்டியின் விவரக்குறிப்பில் ப்ராசஸர் பெயரைவிட முக்கியமான ஒரு வரி, எந்த ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை, என்பது. பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) அல்லது இசட்எஃப்எஸ் (ZFS) இருந்தால் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். அதாவது இன்றைய நிலையை அப்படியே உறைய வைத்து, நாளை யாராவது அழித்தாலும் பூட்டினாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். மாறிய பகுதிக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும், அதனால் போட்டோ ஃபோல்டருக்குச் செலவு அநேகமாக இல்லை. மலிவு மாடல்கள் சிலவற்றில் இந்த வசதி இருக்காது. சினாலஜியில் அந்த மாடலின் பக்கத்தில் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன் என்ற ஆப் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தினம் ஒன்று வீதம் 30 நாள், வாரம் ஒன்று வீதம் 12 வாரம் என்று வைத்தால் வீட்டுக்குத் தாராளம். இன்னொன்று, எல்லோரும் பகிரும் ஷேர்டு ஃபோல்டரை உருவாக்கும்போதே டேட்டா செக்சம் (ஃபைல் கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வசதி) என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. புதிய ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த டிக் இருந்தால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓட்டும் ஸ்க்ரப் என்ற முழுச் சரிபார்ப்பு, ஒரு பிரதியில் கெட்டுப்போன ஃபைலை மற்றொன்றைப் பார்த்துத் திருத்தும்.

டிஸ்க்கில் ஏமாறுவதுதான் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். எஸ்எம்ஆர் என்ற வகை டிஸ்க்கில் தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன் ஓரத்தின் மேல் இன்னொன்றாக எழுதுவார்கள். நடுவில் ஒரு ஓடு மாற வேண்டுமானால் அதன் மேல் படிந்த வரிசையையும் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். சாதாரண நாளில் இது தெரியாது, டிஸ்க் ஒரு சின்னப் பகுதியில் தற்காலிகமாக எழுதிச் சமாளிக்கும். ஒரு டிஸ்க் செத்து, புதியதில் 4 டிபியையும் இடைவிடாமல் எழுத வேண்டிய அன்றைக்கு அந்தப் பகுதி நிரம்பிவிடும், வேகம் படுத்துவிடும், பதில் வரவில்லையே என்று நாஸ் அந்த டிஸ்க்கையும் செத்ததாக ஒதுக்கிவிடலாம். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான டிஸ்க்குகளில் சொல்லாமலே இந்த வகையைப் போட்டிருந்தது வெளியே வந்தது. பிறகு எஸ்எம்ஆர் இல்லாதவற்றுக்கு ரெட் ப்ளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். ஆகவே கடையில் வெறும் ரெட் என்று கேட்காதீர்கள்; ரெட் ப்ளஸ் அல்லது சீகேட் அயர்ன்வுல்ஃப் என்று சொல்லி, பில்லில் முழு மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மூன்று வருஷ வாரன்டி. ப்ரோ வகைகளுக்கு ஐந்து. உங்கள் உபயோகத்துக்கு அவை அவசியமில்லை, சத்தமும் கூடுதல்.

டெஸ்க்டாப் டிஸ்க்கைப் போட்டால் என்ன, அதுவும் டிஸ்க்தானே என்று கடையில் கேட்பார்கள். ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். தனியாக இருக்கும் கணினியில் அதுதான் சரி. நாஸ் டிஸ்க் ஏழு நொடி அளவில் கைவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடும்; மற்ற டிஸ்க்கிலிருந்து நாஸ் எடுத்துக்கொள்ளும். சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நாஸ் வெளியே தள்ளிவிடும். நல்ல டிஸ்க்கே செத்ததாகக் காட்டும் வழக்குகள் பலவற்றில் இந்தக் கதைதான்.

டிஸ்க் கையில் வந்ததும் சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு இந்தியாவில் வாரன்டி காட்டுகிறதா என்று பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளை, ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதியவை என்று விற்றது வெளிவந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவில் பூஜ்யம், ஃபார்ம் என்ற உள்பதிவில் உண்மையான மணிக்கணக்கு. வழக்கமான விலையைவிட ரொம்பக் குறைவாக யாராவது கொடுத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, தரவு எதையும் போடுவதற்கு முன்பு, டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் ஸ்மார்ட் எக்ஸ்டெண்டட் டெஸ்ட்டை ஓட்டுங்கள். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். கூரியரில் அடிபட்ட டிஸ்க் பெரும்பாலும் இதில் மாட்டும்; திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் தெரிந்துவிட்டால் வாரன்டிக்கு அலைய வேண்டாம். மாட்டும்போது ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்தை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி, பெட்டியில் அந்த டிஸ்க் உட்காரும் தட்டின் முகப்பில் ஒட்டுங்கள். இதன் பயன் பின்னால் வரும்.

முதல் முறை தரவு ஏற்றும்போது வைஃபையை நம்பாதீர்கள். கேட் 5ஈ அல்லது கேட் 6 நெட்வொர்க் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். கிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 110 எம்பி வரும், 1.8 டிபி நாலரை ஐந்து மணி நேரத்தில் ஏறிவிடும், குட்டிக் குட்டி ஃபைல் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். சில ஃபைபர் ரவுட்டர்களில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100 எம்பிபிஎஸ். தவறான ஓட்டையில் செருகினால் நொடிக்கு 11 எம்பிதான், அதே வேலைக்கு ஏறக்குறைய இரண்டு நாள். நாஸ் மந்தமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஓட்டையை. நாஸ் ஏறக்குறைய 20 வாட் எடுக்கும் என்று வைத்தால் இரண்டு மாத கரண்ட் பில்லில் 29 யூனிட் கூடும்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது ஃபைல் சிஸ்டத்துக்கு ஆகாது, நம் ஊரில் அது அடிக்கடி நடக்கும். 600 விஏ யூபிஎஸ் நாஸையும் ரவுட்டரையும் தாங்கும். ஆனால் மலிவான மாடல்கள் பலவற்றில் யூஎஸ்பி போர்ட் இருக்காது. அந்த போர்ட் இருந்தால்தான் பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் சொல்லி, நாஸ் தானாக ஒழுங்காக அணையும். வாங்கியதும் ஒரு முறை சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். நாஸில் நீங்கள் வைத்த நேரத்தில் அது தானாகப் பாதுகாப்பு நிலைக்குப் போக வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், அதன் பின்புறம் யூபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும்; யூபிஎஸ் மோடில் வையுங்கள். அப்படியும் இன்வெர்ட்டர் பேட்டரி தீரும் கட்டத்தில் நாஸுக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் சின்ன யூபிஎஸ் வேண்டும்தான். நம் வெயிலுக்கு யூபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருஷம்தான். பல்லியும் எறும்பும் உள்ளே போகாத இடமாகப் பாருங்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, சர்வீஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

டிஸ்க் போகும் நாளில் நடக்கும் தவறுகளில் மூன்று திரும்பத் திரும்ப வரும். பீப் சத்தம் கேட்டதும் பதறி, நன்றாக இருக்கும் டிஸ்க்கைப் பிடுங்குவது முதல் தவறு. அதற்குத்தான் அந்த ஸ்டிக்கர். திரையில் எந்த சீரியல் எண் கெட்டது என்று வருகிறதோ அதை மட்டும் எடுங்கள். இரண்டாவது, உடனே புதிய டிஸ்க்கைப் போட்டு நகலெடுக்க விடுவது. மீதி ஒரே டிஸ்க்கை ஏழெட்டு மணி நேரம் இடைவிடாமல் படிக்கப் போகிறார்கள், அதுவும் அதே வயது டிஸ்க். அதற்கு முன்பு யூஎஸ்பி டிஸ்க்கில் உள்ள பேக்கப் நேற்றையதா என்று பார்த்து, இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். மூன்றாவது, பெட்டியே அணைந்துவிட்டால் டிஸ்க் போயிற்று என்று நினைப்பது. இரண்டு டிஸ்க் பெட்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர் வெளியே இருக்கும். பல சமயம் பெட்டியைவிட அதுதான் முதலில் போகும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனை உள்ள வேறு அடாப்டரில் போட்டுப் பாருங்கள். பெட்டியே போயிருந்தால் டிஸ்க்குகளை அதே கம்பெனியின் புதிய பெட்டிக்கு மாற்றும்போது மைக்ரேட் என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். இனிஷியலைஸ் என்பதை அழுத்தினால் எல்லாம் காலி. சினாலஜி டிஸ்க்கை உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட சாதாரணக் கணினியில் படிக்கும் வழியையும் அந்தக் கம்பெனியே வெளியிட்டிருக்கிறது.

வெளியே வைக்கும் பிரதிக்கு வருவோம். உங்கள் தங்கை திருச்சியில் இருப்பதாகச் சொன்னீர்கள். யூஎஸ்பி டிஸ்க் இரண்டில் ஒன்று இங்கே, ஒன்று அவர் வீட்டு பீரோவில். போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள், தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்கு மூன்று நான்கு முறை ஆனாலும் போதும். இங்கே உள்ளதை வாரம் ஒரு முறை செருகி, பேக்கப் முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுங்கள். செருகியே கிடந்தால் நாஸைப் பிடித்த வைரஸ் அதையும் பிடிக்கும். சினாலஜியில் ஹைப்பர் பேக்கப் என்ற ஆப் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும், பூட்டும் (என்க்ரிப்ஷன்) போடலாம், ஆனால் அந்தக் கோப்புகளைத் திறக்க அவர்களுடைய எக்ஸ்ப்ளோரர் மென்பொருள் வேண்டும். யூஎஸ்பி காப்பி என்ற ஆப் வெறும் ஃபோல்டர்களாகவே வைக்கும். எந்தக் கணினியிலும் திறக்கும், வீட்டில் யாருக்கும் புரியும். திருச்சி டிஸ்க்குக்கு இரண்டாவது வழியையே சொல்வேன். அது தொலைந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது அதன் விலை. ஆதார், வங்கிப் பத்திரங்களை மட்டும் தனியாகப் பூட்டி வையுங்கள். க்ளவுடும் வேண்டுமென்றால் பேக்பிளேஸ் பி2 போன்ற சேவை இருக்கிறது; 2025இல் மாதம் ஒரு டிபிக்கு 6 டாலராக இருந்தது. 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 1.8 டிபி ஏற மூன்றரை நாள் ஆகும், உங்கள் இணைய இணைப்பின் மாத டேட்டா வரம்பில் பாதிக்கு மேல் போய்விடலாம். அதனால் இரண்டு மாதமாகப் பிரித்து ஏற்றுங்கள்.

போன்களில் நாஸின் போட்டோ ஆப்பைப் போட்டால் ஆண்ட்ராய்டு தானாக ஏற்றும். ஐபோன் பின்னணியில் ஆப்களை அதிகம் ஓடவிடாது; வாரம் ஒரு முறை ஆப்பைத் திறந்து சார்ஜரில் போட்டு வைக்க வேண்டும். ஏற்றியாயிற்று என்று காட்டுவதை நம்பிப் போனில் அழிப்பதற்கு முன்பு நாஸில் போய் எண்ணிக்கையைப் பாருங்கள். ஐபோனில் நொடிக்கு 30 ஃப்ரேம் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, ஒரு மணி நேர விசேஷம் 10 ஜிபி. இந்தக் கணக்கில் வருஷத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்று பார்த்துவிட்டு 4 டிபி போதாது என்று தோன்றினால் இப்போதே 6 டிபியாக வாங்குங்கள். மேக் லேப்டாப் இருந்தால் அதன் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு அளவு வரம்பு வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால் டிஸ்க் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும்.

பழைய டெஸ்க்டாப்பில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளைப் போடலாம், இரண்டும் இலவசம். ட்ரூநாஸுக்கு 8 ஜிபி ராமாவது வேண்டும். சும்மா இருக்கும்போதே 60 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். அதைவிட, அப்டேட்டில் ஏதாவது முறிந்தால் உட்கார்ந்து சரிசெய்ய வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான் என்றால், விருப்பமும் இருந்தால், தாராளமாகச் செய்யலாம்.

இதுவரை சொன்னவை நிச்சயமானவை. இனி வருபவற்றில் தொழில் தெரிந்தவர்களே ஒத்துப்போவதில்லை. சூடு டிஸ்க்கைக் கொல்லும் என்பார்கள். கூகுள் 2007இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அப்படி வலுவான தொடர்பு தெரியவில்லை. இருந்தாலும் 45 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை. அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஸ்மார்ட்டில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்தன. எனவே ஸ்மார்ட் நன்றாக இருக்கிறது என்பது உத்தரவாதம் ஆகாது, ஆனால் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 என்ற எண்களில் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களின் கணக்கு) பூஜ்யம் அல்லாதது வந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 199 (தரவு வரும் வழியில் நேர்ந்த பிழைகளின் கணக்கு) ஏறினால் முதலில் இணைப்பைச் சந்தேகப்படுங்கள், தட்டை எடுத்து மறுபடி அழுத்திப் போடுங்கள். இரண்டு டிஸ்க்கையும் வெவ்வேறு கடையில் வாங்கினால் ஒரே நேரத்தில் சாகாது என்பதற்கு ஆதாரம் மெல்லியது, செலவில்லாததால் செய்யலாம். இரவில் டிஸ்க்கைத் தூங்க விடலாமா, ஓடவே விடலாமா என்பது முடியாத சண்டை. அடிக்கடி எழுந்து எழுந்து தூங்குவதைவிட ஓடுவது மேல் என்பது என் கணிப்பு. பெட்டியின் போர்டு எத்தனை வருஷம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது: 2017இல் இன்டெல் ஆட்டம் சி2000 சிப்பில் க்ளாக் பழுது வெளிவந்தபோது சினாலஜியின் விலை உயர்ந்த டிஎஸ்1815 ப்ளஸ் போன்றவையும் அதில் மாட்டின, கம்பெனி வாரன்டியை நீட்டிக்க வேண்டி வந்தது.

எல்லாம் ஏற்றிய பிறகு மாதம் ஒரு நாள், யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து வெவ்வேறு வருஷத்துப் படம் பத்தை, ஒரு வீடியோவை எடுத்து லேப்டாப்பில் திறந்து பாருங்கள். வீடியோ கடைசி வரை ஓட வேண்டும். நாஸின் அட்மின் பாஸ்வேர்டு, பூட்டின் மீட்புச் சாவி இரண்டையும் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். உங்களைத் தவிர இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். லேப்டாப்களில் அட்மின் கணக்கைப் போட்டு வைக்காதீர்கள், பேக்கப்புக்கென்று அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு உருவாக்கிக்கொள்ளுங்கள். லேப்டாப்பைப் பிடித்த ஹேக்கர் ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாமல் இருப்பது அதனால்தான்.

இப்போது வைத்திருக்கும் 2 டிபி டிஸ்க்கை வெளிப் பிரதிக்குப் பயன்படுத்த நினைக்காதீர்கள். கணினியில் அது 1.81 என்றுதான் காட்டும், அநேகமாக நிரம்பிவிட்டது. அதை ஃபார்மேட் செய்யவும் வேண்டாம். நாஸ், இரண்டு யூஎஸ்பி டிஸ்க் மூன்றிலும் எல்லாம் ஏறி, ஒரு ஸ்க்ரப் முடிந்து, திருச்சிக்கு ஒரு டிஸ்க் போய்ச் சேரும் வரை, இன்றைய தேதியை மேலே எழுதி ஒரு உறையில் போட்டு அப்படியே வைத்திருங்கள்.